தேய்கின்ற முனைகள்: வளைகுடாவின் ஐதரசன் பற்றிச் சில குறிப்புகள்

நீரை மின்சாரத்தால் பிரிக்கலாம் என்பதை நான் கண்ணால் கண்டது 1991 இல், ஒரு சைக்கிள் டைனமோவின் தயவில். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. ரோர்ச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். எங்கள் இரசாயன ஆசிரியர், ஓடாமற் கிடந்த காரொன்றின் பற்றரியிலிருந்து எடுத்த அமிலத்தை நன்றாக ஐதாக்கி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றினார். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒருகாலம் பிளாற்றினத் தகடுகள் இருந்தனவாம். இடப்பெயர்வில் அவையும் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக இரண்டு பென்சில் கரிகள். ஒருவன் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்தான். கரிகளில் குமிழிகள் எழுந்தன.

"எந்தப் பக்கம் ஐதரசன், எந்தப் பக்கம் ஒட்சிசன்?" என்று ஆசிரியர் கேட்டார். பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்த நாங்கள் கையை உயர்த்தினோம். "ரெண்டு பக்கமும் ரெண்டும்தான்" என்று சிரித்தார். டைனமோ தருவது ஆடலோட்டம். அனோட்டும் கதோட்டும் கணத்துக்குக் கணம் இடம் மாறுகின்றன. சிறிது நேரத்தில் திரவம் கறுக்கத் தொடங்கியது. கரி உதிர்ந்து அடியில் படிந்தது. "வாயு வாறது பெரிய காரியமில்லையடா. முனை நிண்டு பிடிக்கவேணும். அதுதான் பெரிய காரியம்" என்றார்.

அந்த வாக்கியத்தின் பெறுமதி எனக்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னர், பாலைவனத்தில்தான் விளங்கியது.

அரசியலும் இலக்கியமும் நிறைந்த இந்தப் பக்கங்களில் இரசாயனம் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எதற்கென்றால், எங்களிற் பலர் வாழும் ஜேர்மனிக்கு இந்த வியாபாரம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. 2022 இல் அபுதாபியின் எண்ணெய் நிறுவனமான அட்னொக், றுவைஸில் செய்த அமோனியாவின் முதற் பரீட்சார்த்தச் சரக்கை ஹம்பேர்க்கிலுள்ள ஒரு செப்பு உற்பத்தி நிறுவனத்துக்கு அனுப்பியது. அமோனியா என்பது ஐதரசனைக் கப்பலில் ஏற்றுவதற்கான ஒரு வேடம். நாளை எங்கள் பிள்ளைகள் வேலை செய்யும் உருக்கு ஆலைக்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது, அது எந்த வகையில் 'தூய்மையானது', அதை 'மலிவானது' ஆக்கியது எது என்று கேட்பதற்கு எங்களுக்கு உரிமை உண்டு. 'மலிவான நனோ ஊக்கி கண்டுபிடிப்பு' என்று மாதத்துக்கு ஒரு செய்தி வருகிறது. அந்தச் செய்தியை எப்படி வாசிப்பது என்பதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. வளைகுடாவுக்கு ஐதரசன் புதிதல்ல. எண்ணெய்ச் சுத்திகரிப்பிலும் உர ஆலைகளிலும் பல பத்தாண்டுகளாக அங்கே ஐதரசன் செய்யப்படுகிறது. இயற்கை வாயுவையும் நீராவியையும் 800 பாகை செல்சியசுக்கு மேல் நிக்கல் ஊக்கியின் மீது செலுத்தினால் ஐதரசன் கிடைக்கும். ஒவ்வொரு கிலோவுக்கும் 9 முதல் 10 கிலோ காபனீரொட்சைட்டு வானத்துக்குப் போகும். உலகின் பெரும்பாலான ஐதரசன் இன்றும் வாயு அல்லது நிலக்கரி வழியாகத்தான் வருகிறது. அந்தக் காபனீரொட்சைட்டைப் பிடித்து நிலத்தடியில் புதைத்தால் 'நீல' ஐதரசன் என்கிறார்கள். சூரிய, காற்று மின்சாரத்தால் நீரைப் பிரித்தால் 'பச்சை'. ஹம்பேர்க் வந்தது நீலம். நிறங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அரசியல்வாதிகளுக்கு மட்டுமுரிய பழக்கம் அல்ல.

பச்சை வழியில் ஊக்கியின் வேலை என்ன? நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ற்று போதும். நடைமுறையில் 1.8, சிலவேளை 2 வோல்ற்றுவரை கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மிகை, வெப்பமாக வீணாகிறது. ஒட்சிசன் பிறக்கும் அனோட்டில்தான் இழுபறி அதிகம்: இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு இலத்திரன்களைப் பிடுங்கி, இரண்டு ஒட்சிசன் அணுக்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட வேண்டும். நல்ல ஊக்கி இந்தப் படிகளைத் தாழ்த்துகிறது.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ ஐதரசனுக்கு ஏறத்தாழ 26,600 அம்பியர்-மணி மின்னோட்டம் தேவை. இது பரடேயின் விதி. எந்த நனோவும் இதை மாற்றாது. ஆகவே 0.1 வோல்ற்று மிச்சம் பிடித்தால் ஒரு கிலோவுக்கு 2.7 அலகு மின்சாரம் மிச்சம். சவூதியின் செங்கடற் கரையில் நியோம் திட்டத்தின் கீழ் கட்டப்படும் ஆலை நாளொன்றுக்கு 600 தொன் ஐதரசனைக் குறிவைத்தது. அங்கே அந்த 0.1 வோல்ற்று ஒரு நாளைக்கு 16 இலட்சம் அலகு. ஆய்வுகூடத்தில் ஒருவர் மில்லிவோல்ற்றுகளுக்காக ஏன் இரவிரவாக விழித்திருக்கிறார் என்பது இப்போது புரியும்.

இனி வளைகுடாவிலேயே நேருக்கு நேர் நிற்கும் இரண்டு தெரிவுகளைப் பார்ப்போம். டுபாயின் முகமட் பின் ராஷித் அல் மக்தூம் சூரியப் பூங்காவில், டேவா என்ற மின்-நீர் வழங்கல் நிறுவனமும் சீமென்ஸ் எனேர்ஜியும் 2021 மே மாதத்தில் ஒரு பரீட்சார்த்த நிலையத்தைத் திறந்தன. 1.25 மெகாவாற்று உச்சத்தில் மணிக்குச் சுமார் 20 கிலோ ஐதரசன். அதாவது கிலோவுக்கு 60 அலகுக்குச் சற்று மேல்; கோட்பாட்டு எல்லை 39.4. இது புரோத்தன்களைக் கடத்தும் மென்சவ்வு வகை. சூரிய ஒளி ஏறி இறங்கும்போது உடனுக்குடன் ஈடுகொடுக்கும். ஆனால் அந்தச் சவ்வு கடும் அமிலத் தன்மையுடையது. கரி அங்கே என் பென்சிலின் கதியை அடையும்; நிக்கல் கரைந்துவிடும். அனோட்டில் நின்று பிடிப்பது இரிடியம் ஒட்சைட்டு ஒன்றுதான் என்று சொல்லலாம்.

இரிடியம் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு ஏழு, எட்டுத் தொன் அளவில்தான் கிடைக்கிறது. அதில் மிகப் பெரும்பங்கு தென்னாபிரிக்காவிலிருந்து, அதுவும் பிளாற்றினச் சுரங்கங்களின் உபபொருளாக. தேவை கூடியது என்பதற்காகக் கூடுதலாகத் தோண்ட முடியாது. ஐக்கிய அரபு இராச்சியம் 2023 இல் வெளியிட்ட தேசிய ஐதரசன் திட்டம் 2031 இல் ஆண்டுக்கு 14 இலட்சம் தொன்னை இலக்காக வைத்தது. அதில் 10 இலட்சம் தொன் பச்சை. சூரிய ஒளியில் மட்டும் இயங்கினால் கருவிகள் நாளின் கால்வாசி நேரமே முழுமூச்சாக ஓடும். அப்படியானால் 20 கிகாவாற்றுக்கு மேல் கருவி வேண்டும். கிகாவாற்றுக்கு 400 கிலோ இரிடியம் என்று வைத்தாலும் 8 தொன். ஒரு சிறிய நாட்டின் ஒரு திட்டத்துக்கு உலகின் ஓராண்டு இரிடியம் முழுவதும்!

நியோம் மற்ற வழியைத் தெரிந்தது. 2021 டிசம்பரில் ஜேர்மனியின் தீஸ்ஸன்குறுப்பிடம் 2 கிகாவாற்றுக்கு மேற்பட்ட காரவகைக் கருவிகளுக்குக் கட்டளை கொடுக்கப்பட்டது. பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலும் நிக்கல் முனைகளும் கொண்ட பழைய முறை இது. நோர்வே வாசகர்கள் இதை நன்கு அறிவார்கள், அல்லது அறிந்திருக்க வேண்டும்: ருயூக்கானிலும் பின்னர் குளொம்பியூர்ட்டிலும் நீர்மின்சாரத்தைக் கொண்டு இதே முறையில் ஐதரசன் எடுத்து உரம் செய்தார்கள். இந்தியாவில் பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு 1960களில் நங்கல் உரத் தொழிற்சாலை செய்ததும் அதுவே. 'பச்சை ஐதரசன்' என்று எவரும் அப்போது பெயர் சூட்டவில்லை, அவ்வளவுதான்.

நிக்கல் மலிவு. நனோ என்ற சொல் வருமுன்பே அதற்கு நனோ வடிவமும் இருந்தது. 1920களில் அமெரிக்கரான மரே ரேனி நிக்கலையும் அலுமினியத்தையும் உருக்கிக் கலந்து, பின்னர் அலுமினியத்தைக் கடுங்காரத்தில் கரைத்து வெளியேற்றினார். எஞ்சியது நுண்துளைகள் நிறைந்த கடற்பஞ்சு போன்ற நிக்கல். ஒரு கிராம் நிக்கலுக்குள் ஒரு பெரிய மண்டபத்தின் தரையளவு மேற்பரப்பு ஒளிந்திருக்கும். நனோ என்பதில் மந்திரம் ஏதுமில்லை. வினை மேற்பரப்பில் நடக்கிறது, சிறிதாக்கினால் மேற்பரப்பு கூடுகிறது. அதற்கு மேலும் ஒன்றுண்டு: விளிம்புகளும் மூலைகளும் கூடுகின்றன. மொலிப்தனம் இருசல்பைட்டை எடுங்கள். கட்டியாக இருக்கும்போது ஐதரசன் உற்பத்திக்கு அது ஏறக்குறைய உதவாது. அதன் படலங்களின் விளிம்பில் உள்ள அணுக்கள் மட்டுமே வேலை செய்கின்றன என்பது 2005 இல் கணிப்பாலும் 2007 இல் அளவீட்டாலும் காட்டப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், வளைகுடாவின் சுத்திகரிப்பு ஆலைகளில் இதே பொருள் தொன் கணக்கில் இருக்கிறது. டீசலிலிருந்து கந்தகத்தை அகற்ற ஐதரசனைச் செலவழிக்கும் ஊக்கி அது. அங்கே ஐதரசனைத் தின்பது, இங்கே ஐதரசனைத் தருகிறது.

அனோட்டுக்கு இன்று அதிகம் பேசப்படுவது நிக்கல்-இரும்பு ஐதரொட்சைட்டுப் படலங்கள். இதன் பிறப்பு ஓர் அழுக்கிலிருந்து. நிக்கல் முனைகள் சிலவேளை எதிர்பாராதபடி நன்றாக வேலை செய்தன. 1987 இல் கொறிகன் என்பவர் அதற்குக் காரணம் காரக் கரைசலில் கலந்திருந்த இரும்பு மாசு என்று காட்டினார். தூய நிக்கலைவிட அழுக்கான நிக்கல் மேல். தூய்மைவாதிகள் கவனிக்க.

இவ்வளவு நல்ல, மலிவான பொருட்கள் இருக்கையில் பிரச்சினை எங்கே? இவ்விடத்தில் நான் என் பாலைவனத்துக்குத் திரும்ப வேண்டும்.

1990களின் இறுதியில் கொழும்பில் ஒரு முகவருக்குக் காசு கட்டி வளைகுடா போனேன். பல்கலைக்கழகப் படிப்பு பாதியில். விசாவில் தொழில் 'உதவியாளர்'. கடல்நீரை நன்னீராக்கும் ஓர் ஆலையில், குளோரீன் பகுதியில் போட்டார்கள். உறிஞ்சு குழாய்களில் சிப்பியும் பாசியும் பிடிக்காமலிருக்கக் கடல்நீரையே மின்பகுத்து ஐப்போகுளோரைற்றுச் செய்வார்கள். அந்தக் கலங்களின் அனோட்டுகள் தைத்தேனியத் தகடுகள். மேலே ருத்தேனியம், இரிடியம் ஒட்சைட்டுகளின் மெல்லிய பூச்சு. இந்தப் பூச்சு ஹென்றி பீர் என்பவர் 1960களில் காப்புரிமை பெற்றது. இத்தாலியின் டி நோரா நிறுவனம் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. நியோமுக்குக் கருவி செய்யும் தீஸ்ஸன்குறுப்பின் கிளையில் டி நோராவும் பங்காளி.

கதோட்டில் வருவது ஐதரசன். ஒவ்வொரு கிலோ குளோரீனுக்கும் 28 கிராம். அதை என்ன செய்தோம்? பெரிய ஊதிகளால் காற்றைக் கலந்து, வெடிக்கும் எல்லையான நூற்றுக்கு நான்குக்கு மிகக் கீழே கொண்டுவந்து, வானத்துக்கு அனுப்பினோம். மணிக்கு 100 கிலோ குளோரீன் செய்யும் ஆலை 2.8 கிலோ ஐதரசனை இவ்வாறு வீசுகிறது. டுபாயின் பரீட்சார்த்த நிலையம் மணிக்கு 20 கிலோ செய்வதைப் படம் பிடித்துப் போடும்போது எனக்கு அந்த ஊதிகளின் இரைச்சல்தான் காதில் கேட்டது.

என்னோடு வேலை செய்தவர் காரைக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர். "அண்ணே, இந்தத் தகடு எங்க ஊர்லயே செய்வாங்கண்ணே" என்பார். நான் நம்பவில்லை. பின்னரே அறிந்தேன்: அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாவிலும் எழுந்து 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், தைத்தேனியத்தின் மேல் ஒட்சைட்டுப் பூசும் முறையை உள்ளூரிலேயே உருவாக்கியிருந்தது. செட்டிநாட்டுப் பொட்டலில் பிறந்த அறிவு. அதன் அருகே வளர்ந்தவன் அதே வகைத் தகட்டை மாதச் சம்பளத்துக்குக் கழுவிக்கொண்டிருந்தான்.

கழுவுவது எங்கள் முக்கிய வேலை. கடல்நீரின் மக்னீசியமும் கல்சியமும் கதோட்டில் வெள்ளையாகப் படியும். ஐதரோகுளோரிக்கமிலம் விட்டுக் கரைப்போம். ஒருமுறை கையுறை கிழிந்திருந்தது. மேற்பார்வையாளர் "அடுத்த மாதம் வரும்" என்றார். தழும்பு இன்னும் இருக்கிறது. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஒரு நீலக் கொப்பி. எந்தக் கலம் எத்தனை மணித்தியாலம் ஓடியது, எப்போது அழுத்தம் ஏறத் தொடங்கியது, மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வந்த பிறகு எந்தத் தகடு கெட்டது என்று முறைக்கு முறை எழுதிவைப்போம். ஓடிக்கொண்டே இருக்கும் தகடுகள் ஆண்டுக்கணக்கில் நின்றன. நின்று நின்று ஓடியவைதான் முதலிற் போயின.

இதுவே இன்றைய பிரச்சினையின் மையம். காரவகைக் கருவி திடீரென நிறுத்தப்படும்போது, உள்ளே மிஞ்சியிருக்கும் வாயுக்களால் மின்னோட்டம் சிறிது நேரம் எதிர்த்திசையில் ஓடும். கதோட்டு அனோட்டாகிறது. நிக்கல் ஒட்சியேறுகிறது, பூச்சு உதிர்கிறது. நீர்மின்சாரத்தில் ஓடிய ருயூக்கானுக்கு இந்தத் தலையிடி இல்லை. ஆறு இரவில் நிற்பதில்லை. சூரியன் ஒவ்வொரு மாலையும் நிற்கிறது. ஆண்டுக்கு 365 தடவை முனைகள் திசைமாறும் அபாயம். என் ஆசிரியரின் டைனமோவேதான், மிக மெதுவாக!

இப்போது ஆய்வுக் கட்டுரைகளைப் பாருங்கள். பெரும்பாலானவை சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லியம்பியரில் அளக்கின்றன. தொழிற்சாலை ஓடுவது அதன் இருபது மடங்கில், நூறு மடங்கில். பல கட்டுரைகளில் 'சிறந்த நிலைப்பு' என்பது 50 மணித்தியாலம், 100 மணித்தியாலம். தொழிற்சாலை எதிர்பார்ப்பது 60,000க்கு மேல். நிக்கல்-இரும்புப் படலத்தில் அந்த இரும்பே மெல்லக் கரைந்து வெளியேறுகிறது. அழுக்கு போய்விட்டால் திறமையும் போய்விடும்.

எரிபொருட்கலங்களிலும் கதை இதுதான். ஐதரசனையும் காற்றையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் கலத்தில் பிளாற்றினத்தை நீக்க 1964 இலேயே யசின்ஸ்கி கோபாற்றுப் பதலோசயனைனை முன்வைத்தார். அதன் வழிவந்த இரும்பு-நைதரசன்-காபன் ஊக்கிகள் முதல்நாட் பரீட்சையில் இன்று பிளாற்றினத்தை நெருங்குகின்றன. அமிலச் சவ்வில் சில நூறு மணித்தியாலங்களில் சோர்ந்துவிடுகின்றன. அப்பொலோ விண்கலங்களில் நிக்கல் முனைகள் கொண்ட காரவகைக் கலங்கள் பறந்தன என்பது உண்மை. ஆனால் அங்கே தூய ஒட்சிசன் இருந்தது. நகரக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு காரத்தைக் காபனேற்றாக்கிக் கெடுத்துவிடும். டுபாயில் 2017 இல் ஐதரசன் நிரப்பு நிலையம் திறந்து ரொயொற்றாக் கார்களை ஓடவிட்டபோதும் அவற்றுக்குள் இருந்தது பிளாற்றினம்தான்.

கடல்நீரை நேரடியாகப் பிரிக்கும் ஊக்கி பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் வளைகுடா என்றவுடன் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்க மூன்று, நான்கு அலகு மின்சாரம் போதும். ஒரு கிலோ ஐதரசனுக்குப் பத்து லீற்றர் நீர் என்று வைத்தால், அதற்கான மின்சாரம் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறு செலவைத் தவிர்க்க, குளோரீன் அரிப்போடும் வெள்ளைப் படிவோடும் மல்லுக்கட்டும் ஓர் ஊக்கியைத் தேடுவது, அந்தப் படிவைக் கையால் கழுவிய என் பார்வையில், தவறான இடத்தில் செலவழிக்கப்படும் திறமை. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதட்டும்.

ஆகவே ஊக்கியின் விலையைக் கிலோவுக்கு இத்தனை டொலர் என்று கேட்பதைவிட, அது ஓடும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அதற்குத் தேவையான தரவு எங்கே? அபுதாபியின் கலீபா பல்கலைக்கழகத்திலும் சவூதியின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்திலும் நல்ல கருவிகள் இருக்கின்றன. தென்னாசியாவிலிருந்து போன இளம் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தம் இரண்டு, மூன்று ஆண்டு. 60,000 மணித்தியாலம் என்பது ஏழு ஆண்டு. ஒரு முனை முதுமையடைவதை இருந்து பார்க்கும் அளவுக்கு எவருடைய விசாவும் நீளமில்லை! அரியவர்களுக்குப் பத்தாண்டு விசா இப்போது உண்டு. கலம் கழுவுகிறவனுக்கு இல்லை. வளைகுடா நாடுகள் எவையும் 1951 இன் அகதிகள் உடன்படிக்கையில் இல்லை. அங்கே வேலை முடிந்தால் ஆளும் முடிந்தான். எனக்கும் அப்படித்தான் முடிந்தது. ஊர் திரும்ப முடியாமல் வடக்கே ஏறி இந்தக் குளிருக்கு வந்தேன்.

நீலக் கொப்பிகள் மொத்தம் ஒன்பது. தமிழ், மலையாளம், உருது, வங்காளம் கலந்த ஆங்கிலத்தில், அமிலப் புள்ளிகளோடு. தூசி, 48 பாகை வெப்பம், மின்தடை எல்லாவற்றுக்கும் நடுவே ஏறத்தாழ எட்டாண்டு காலத்தில் முனைகள் எவ்வாறு கெட்டன என்பது அவற்றில் இருந்தது. போகும் நாளில் அவற்றைப் படியெடுக்கலாமா என்று கேட்டேன். கொம்பனிச் சொத்து என்றார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பகுதியைப் புதுப்பித்தபோது பழைய தகடுகளைப் பூச்சு உலோகத்துக்காக எடைபோட்டு விற்றார்களாம். கொப்பிகளைக் குப்பை வண்டியில் ஏற்றியதாகக் காரைக்குடித் தம்பி தொலைபேசியில் சொன்னார்.